நாகுவின் கடிதத்தில் நான் வாசித்தது

இந்த நோட்டு கையில் கிடைத்தால் தயவுசெய்து மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். தெரிந்தால் அப்பா என் பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவார். எதிர்வீட்டு அனந்தலக்ஷ்மி மாமிக்கு எழுத்துத் தெரியாது. அவளுக்கு வாசித்துக் காட்டவும் வேண்டாம்.

9-9-1953

நேற்று நாகுவின் கடிதம் வந்தது. மாமி வழக்கம்போல என்னை வாசிக்கக் கூப்பிட்டாள். மாமியின் பெண் நாகுவும் மாமாவும் ஆப்பிரிக்காவில், ரொடீஷியாவில். கைக்குழந்தையோடு மாமி மட்டும் இங்கே, வலியசாலையில்.

நாலு பக்கம். விடுமுறைக்கு அங்குள்ள இந்தியர் சங்கம் முதல்தடவையாகப் பிள்ளைகளை விக்டோரியா அருவிக்கு அழைத்துப் போயிற்றாம். ரயிலில் ஒரு ராத்திரி. நாலு சிநேகிதிகளுக்கு ஒரே பெட்டி. அருவிக்கு எதிரே நாகுவும் ஹன்ஸா என்கிற குஜராத்திப் பெண்ணும் ஒரே மழைக்கோட்டுக்குள் நின்றார்களாம். ‘இவளைப்போல ஒரு சிநேகிதி எனக்கு இருந்ததே இல்லை.’

இருந்ததே இல்லையா? அப்போ ஐந்து வருஷம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் யாரு? நாகு இல்லையே என்று பள்ளிக்கூடத்துக் கன்னியாகுமரிப் பயணத்துக்குப் பேர்கூடக் கொடுக்காதவள் யாரு?

அதை வாசிக்க வாய் வரவில்லை. “எல்லாரும் அருவிக்குப் போனா. நான் போகலை. உன்னை நினைச்சு அழுதுண்டே இருந்தேன்” என்று வாசித்தேன்.

“நாலு பக்கத்துக்கும் இவ்வளவுதானாடி அலமு?”

“எழுத்து பெரிசு, மாமி.”

இன்று மறுபடி வாசிக்கச் சொன்னாள். ‘அழுகையா வந்தது’ என்று மாறி வந்துவிட்டது. “நேத்திக்கு இப்படி இல்லையே குட்டி” என்றாள். எழுத்துத் தெரியாதவள்தான், ஒரு சொல் மறக்கவில்லை. அதற்காகத்தான் இந்த நோட்டு. நான் வாசித்த கடிதத்தைப் பின்பக்கத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறேன்.

13-9

மூன்றாம் தடவை. தப்பே வரவில்லை.

20-9

மாமி ராத்திரி சாப்பிடுவதில்லையாம். இன்று அவள் சொல்லச் சொல்ல மாமாவுக்கு நான் எழுதினேன். “குழந்தை ஏங்கிப் போயிட்டா. உடனே அனுப்பிடுங்கோ.” அதில் மட்டும் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை?

தபால் பெட்டிவரை போய்த் திரும்பிவந்து, மறுபடி போய்ப் போட்டேன். ஆனால் அந்த ஹன்ஸா தனியாக நிற்பாள் என்று நினைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

14-10

மாமாவின் பதில். ‘நாகு இங்கே சந்தோஷமாகவே இருக்கிறாள். நீ இவ்வளவு தவிப்பதால் கப்பலேற்றுகிறேன்.’ மாமிக்கு வாசிக்கும்போது முதல் வரியை விட்டுவிட்டேன். மாமி என் கையில் சர்க்கரை போட்டாள். வாயில் போட்டுக்கொள்ள முடியவில்லை.

19-12

நாகு வந்துவிட்டாள். வளர்ந்திருக்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டு, “அடுத்த விடுமுறைக்கு எல்லாரும் கடலுக்குப் போறா. நான்தான் இல்லை. அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னே புரியலை, அலமு” என்றாள்.

மாமி பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள். கடிதமெல்லாம் அதில்தான். “உனக்கு எத்தனை சிரமம் கொடுத்துட்டேன். இனிமே இவளே வாசிக்கட்டும், கேட்டோ.” தலைவலி என்று ஓடிவந்துவிட்டேன்.

எதிர்வீட்டில் இன்னும் விளக்கு. நாகு வாசிக்கும் குரல் கேட்கிறது. நான் வாசித்ததைவிட எவ்வளவு நீளம். இடையில் மாமி ஏதோ கேட்கிறாள். நாகு அதே இடத்தை மறுபடி வாசிக்கிறாள்.

பின்பக்கத்தைக் கிழிக்கணும். எங்கே போடறது—

வாசலில் தட்டுகிறார்கள். நாகுதான். அலமு என்று கூப்பிடவில்லை. அலமேலு என்று