சாமி அறைக்குள் சேர்வர்

2025 மே 6, செவ்வாய்

கொக்குவிலில் எங்கள் சாமி அறையைவிடக் குளிரான இடம் இல்லை. என் இணையத்தளத்தை ஓட்டும் சேர்வர் கணினி உள்ளங்கை அளவுதான், சூரிய மின்சாரம்; இரவு விளக்கைவிடக் குறைவாகத்தான் குடிக்கும். பிள்ளையாருக்குப் பக்கத்துச் சுவரில் திருகிவிட்டேன். “காவலுக்கு ஆள் இருக்கு” என்றேன். கணவரின் அம்மா, மாமி, சிரிக்கவில்லை.

மே 20

வெளிநாட்டில் எவனோ என் இணைய முகவரியைத் தன்னுடையது என்று அறிவித்துக்கொண்டிருக்கிறான். வேலிக் கதியால் கம்பைத் தள்ளி நடுகிற அயலவன் அங்கேயும் உண்டு. முகவரி எனதுதான் என்று நான் ஒப்பமிட்ட சான்று இருப்பதால் உலகம் அவனை நம்பவில்லை. அது காலாவதியானால் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் அவன் வாசல் படலைக்குப் போய்விடுவார்கள். புதுப்பிப்பதென்றால் சேர்வருக்கு முன்னால் நின்று கடவுச்சொல்லைக் கையால் தட்ட வேண்டும். கள்ளன் வலை வழியாக வராமலிருக்க நானே செய்த ஏற்பாடு. கெட்டிக்காரி!

ஜூன் 2

கணவரின் சித்தப்பா ஆழ்வாப்பிள்ளை காலமாகிவிட்டார். மகள் தயாளினி கனடாவில். வந்தால் திரும்பிப் போக விசா இல்லை. அழுதாள். “மச்சாள், அந்தியேட்டியையாவது காட்டுங்கோ. யூடியூப்பிலை வேண்டாம், ஊரே பாக்கும்.” என் சேர்வரில் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஜூன் 3

துடக்கு, சாவுத் தீட்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை சாமி அறை பூட்டு. சான்று அதற்கு முன்பே காலாவதி! இதை ஏன் நான் யோசிக்கவில்லை?

“மாமி, ரெண்டே நிமிசம்...”

“துடக்கோடை சாமி அறைக்கையோ? உமக்கென்ன விசரே?”

கணவரைப் பார்த்தேன். பேப்பருக்குள் ஒளிந்துகொண்டார். வீரன்.

ஜூன் 27

சான்று நாளையோடு சரி. “எல்லாம் சரிதானே மச்சாள்?” என்று தயாளினி கேட்டாள். ஓம் என்றேன். பயமாக இருக்கிறது. அவள் அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கவில்லை, இதையும் பார்க்காமல் போனால்?

ஜூன் 28

அழுததை மாமி கண்டுவிட்டார் போல. காலையில் தானாகவே, “முன்வீட்டுச் சிமியோனுக்குத் துடக்கு இல்லைத்தானே?” என்றார்.

சிமியோன் அண்ணை வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர். குளித்துவிட்டு வந்து, பிள்ளையாருக்கு ஒரு கும்பிடும் போட்டு, உள்ளே போனார். நான் வாசலில் நின்று சொல்லச் சொல்லத் தட்டினார்.

“கடவுச்சொல் கேக்குது, பிள்ளை.”

மெல்லச் சொன்னேன்.

“கேக்கேல்லை!”

பின்னால் மாமி. இவர் பேப்பரை இறக்கினார். வேறு வழி?

“மாமிக்கு எல்லாம் குற்றம்! இடைவெளி விடாதேங்கோ, அண்ணை!”

சான்று புதுப்பித்தாயிற்று. இவர் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

ஜூலை 2

கீரிமலையில் அந்தியேட்டி. படம் ஒருமுறையும் நிற்கவில்லை. தயாளினி கடைசிவரை பார்த்தாள். அவளிடம் மாமி, “எங்கடை நிவேதனாவாலைதான்” என்று சொன்னது என் காதிலும் விழுந்தது.

வீட்டுக்கு வந்து சாமி அறையைக் கழுவித் துடைத்தபிறகு என்னைக் கூப்பிட்டார்.

“உந்தக் கடவுச்சொல்லை மாத்தும், பிள்ளை. பொய்யெண்டு நான் சொல்லேல்லை. இப்ப அயலுக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு.”