தம்பிக்கு இனி அவகாசம் வேண்டாம்

அனுப்புநர்:
தங்கள் துறை இறுதியாண்டு மாணவனின் அக்கா,
ஜெராக்ஸ் மற்றும் பைண்டிங் கடை,
கல்லூரி வாசலுக்கு எதிரே.

பெறுநர்:
துறைத் தலைவர் அவர்கள்.

பொருள்: ஆய்வறிக்கை தர என் தம்பிக்கு மேலும் அவகாசம் அளிக்காதிருக்கவும், என் தந்தையை உயிருள்ளவராகக் கருதவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தாங்கள் மலர்வளையத்துடன் எங்கள் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தீர்கள். நன்றி. என் தந்தை இறக்கவில்லை. அப்போது அவர் குளியலறையில், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல், இருமல் வந்துவிடாமல் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2. தம்பி தினமும் எழுத உட்காருவான். உட்கார்ந்ததும் மேசை அழுக்காகத் தெரியும், துடைப்பான். பிறகு பேனாக்களை ஒவ்வொன்றாகக் கிறுக்கிப் பார்ப்பான். "ஒரே ஒரு வீடியோ" என்று போனை எடுப்பான். அத்தோடு படிப்பு மூட்டை கட்டப்படும். அறிக்கையின் அட்டையை மட்டும் என் கடையில் திரும்பத் திரும்ப அச்சடிக்க வைத்தான். அட்டை எழுத்தின் வடிவம் மனதுக்குப் பிடித்தால்தான் உள்ளே எழுத வருமாம். அட்டை தயார். உள்ளே ஒரு பக்கமும் இல்லை. அவன் வகுப்பின் மற்ற அறிக்கைகளையெல்லாம் நான்தான் பைண்டிங் செய்தேன்.

3. கெடு நெருங்கியதும், தந்தை இறந்துவிட்டதாகத் தங்களிடம் சொல்லிவிட்டு வந்தான். வீட்டில் அவன் அதைப் போட்டு உடைத்தபோது அவனுக்கு அடி விழும் என்று ஆசையாகக் காத்திருந்தேன். "சரி விடு, சொன்னது சொல்லிட்டான். எத்தன நாள் குடுத்தாங்க?" என்று கேட்டார் இறந்தவர். அவருடைய பைக் பழுதுபார்க்கும் கடைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் வருவார்கள் என்பதால், அன்றிலிருந்து அதுவும் மூடிக்கிடக்கிறது.

4. தாங்கள் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது நினைவிருக்கும். "அழட்டும், மனசுல வச்சிருக்கக் கூடாது" என்றீர்கள். அவன் அழவில்லை. காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தான். தாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு மாதம் தந்தீர்கள். அதிலும் அவன் ஒரு வரி எழுதவில்லை.

5. உனக்கென்ன வந்தது என்று தாங்கள் கேட்கலாம். எங்கள் இருவரையும் ஒரே சமயத்தில் படிக்க வைக்க அப்பாவால் முடியாது. தம்பி படிப்பு முடிந்தாலும் சரி, பாதியில் நின்றாலும் சரி, அடுத்து நான் மாலைநேரக் கல்லூரியில் சேரலாம் என்பது அவர் கொடுத்த வாக்கு. அங்கே சேர்க்கை இந்த வாரத்தோடு முடிகிறது. சென்ற ஆண்டும் அவன் படித்துக்கொண்டிருந்ததால் விட்டேன். தாங்கள் அவன்மேல் வைக்கும் இரக்கமெல்லாம் என் தலையில்தான் வந்து விழுகிறது.

6. நேற்று தம்பி மிகவும் பணிவாக, "அக்கா, இந்தத் தடவ உன்னச் சொல்லிக்கவா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, "பேருக்குத்தானடி. வாயில சொன்னா செத்தா போயிடுவ?" என்றார். அப்பாவைப் பார்த்தேன். "பாத்ரூம்ல எனக்கும் ஒரு தொணையாச்சு" என்று சிரித்தார். மூவரும் சிரித்தார்கள்.

7. தாம் உயிருடன் இருப்பதற்குச் சான்றாக இம்மனுவில் கையொப்பமிடும்படி அப்பாவிடம் கேட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாக முழுவதும் படித்தார். "பையன் வாழ்க்க பாழாயிடும்மா" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். என் வாழ்க்கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

8. இனியும் தவறினால் பெயர் நீக்கம் என்று துறைப் பலகையில் தாங்கள் ஒட்டிய அறிவிப்பை நகல் எடுத்துக் கொடுத்தவள் நான். அதன்படி, அறிக்கை நாளை மாலைக்குள் வராவிட்டால் அவன் பெயரை நீக்கிவிட வேண்டுகிறேன். அவன் அழுவான், நன்றாகவே அழுவான். அம்மாவும் கூட வருவார். மனமிரங்க வேண்டாம். ஒருவேளை நான் உண்மையாகவே இறந்து, அதற்கான சான்றிதழோடு அவன் தங்கள் முன் வந்து நின்றாலும், ஒரு நாள்கூடத் தர வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கடை, பைண்டிங் மேசை
நாள்: கெடுவுக்கு முந்தின நாள்

இப்படிக்கு,
(ஒப்பம்)
அக்கா, இன்றுவரை உயிருடன்.

தந்தையின் ஒப்பம்: இடவில்லை.