உன் அப்பா மாட்டிய வெள்ளை விளக்கு

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். குழந்தைக்குச் சளி விட்டதா இல்லையா? போனில் கேட்டால் எதற்கெடுத்தாலும் பரவாயில்லம்மா என்கிறாய், உன் பரவாயில்லைக்கு என்ன அர்த்தம் என்று பெற்ற எனக்குத் தெரியாதா. சரி, இதைப் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உன் அப்பாதான். நான் பேச ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, “அப்படி இல்ல, இப்படி”ன்னு நடுநடுவே திருத்தம் சொல்வார். உன்னிடம் ஏற்கெனவே ஒரு கதை சொல்லியிருப்பார், காருக்கு லைட் மாத்தினேன், ஒரு சின்னப் பிரச்சினை, சரியாயிடுச்சு என்று. அந்தச் சின்னப் பிரச்சினையின் நீளம் அகலம் எல்லாம் நான் சொல்கிறேன், கேள்.

கொஞ்ச காலமாகவே உன் அப்பா பொழுது சாய்ந்தால் போதும், கார் ஹெட்லைட்டைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். லைட்டா இது, மெழுகுவர்த்தி இதைவிட நல்லா எரியும் என்பார். முன்கண்ணாடி அழுக்கு என்பார், துடைத்துக் கொடுத்தேன். விளக்கின் மேல்மூடி பழுப்பேறிவிட்டது என்று வீட்டிலிருந்த பற்பசையை முழுசாகப் பிதுக்கித் தேய்த்தார், அன்று காலையில் நான் உப்பில் பல் விளக்கினேன். தெருவிளக்குப் போட்டவனைத் திட்டினார், ரோடு போட்டவனைத் திட்டினார், எதிரே வருகிறவன் வம்சத்தையே திட்டினார். உலகத்தில் எல்லாமே மங்கிப்போய்விட்டது, அவர் மட்டும் பளபளவென்று இருக்கிறார். இந்த நேரம் பார்த்து உன் சித்தப்பா வந்து சேர்ந்தான். நீ சின்ன வயதில் அவனுக்கு விஞ்ஞானி என்று பேர் வைத்தாயே, அதைக் கேலி என்று அவன் இன்னமும் புரிந்துகொள்ளவில்லை, பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். போனில் யாரோ ஒருவன் பேசும் வீடியோவைக் காட்டி, “அண்ணா, இதெல்லாம் தாத்தா காலத்து பல்பு, இதைத் தூக்கிப் போட்டுட்டு செனான் மாட்டு, ராத்திரி பகலாயிடும்” என்றான். அந்தப் பல்புக்குள் கம்பியே கிடையாதாம், வாயுதான் ஒளிவிடுமாம். அதுவரை வாயு என்றால் உன் அப்பாவுக்கு வயிற்றில் வருவது ஒன்றுதான் தெரியும்.

பார்சல் வந்தது. இரண்டு பல்பு, சோப்புப் பெட்டி அளவில் இரண்டு தகரப் பெட்டி, கட்டுக் கட்டாக ஒயர். அந்தத் தகரப் பெட்டிக்குப் பேர் பாலஸ்ட், பேட்டரியின் மின்சாரத்தைப் பல மடங்கு ஏற்றிப் பல்புக்குள் பொறி தட்ட வைப்பது அதுதான். அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை நான் இவர்களுக்குப் படித்தே காட்டினேன். பழைய பல்புக்கென்று செய்த விளக்குக் கிண்ணத்துக்குள் இதைப் போடாதே, வெளிச்சம் சாலையில் விழாது, எதிரே வருகிறவர் கண்ணில் சிதறும் என்று தெளிவாக இருந்தது. “அது கம்பெனிக்காரன் பயந்துகிட்டுப் போடறது அண்ணி, நாம கண்டுக்கக் கூடாது” என்றான் விஞ்ஞானி. உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஜன்னல் திரை தைக்கிறவளுக்கு விளக்கைப் பற்றி என்ன தெரியும் என்கிற பார்வை. நான் தையல் மிஷினுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க இரண்டு பேரும் கார் ஷெட்டில். பேட்டரியைக் கழற்றாமல் பழைய பல்பைப் பிடுங்க முடியவில்லை, பேட்டரியைக் கழற்ற ஸ்பானர் இல்லை, ஸ்பானர் வாங்கப் போனவன் சாப்பிட்டுவிட்டு வந்தான். பல்பைப் பிடித்து வைக்கிற கம்பிக் கிளிப் ஒன்று எகிறி எங்கேயோ விழுந்தது, உன் அப்பா தரையில் தவழ்ந்து தேடினார், அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே அது கிடந்தது, நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பல்புக்குப் பின்னால் இருக்கிற ரப்பர் மூடியில் ஒயர் போக ஓட்டை போட வேண்டுமாம், அதற்கு விஞ்ஞானி எதை எடுத்தான் என்று நினைக்கிறாய், என் துணி வெட்டும் கத்தரிக்கோலை. காகிதம் வெட்டக்கூட நான் யாருக்கும் கொடுக்காத கத்தரி. முனை மழுங்கி, ரப்பர் ஒட்டி, எண்ணெயோடு என் மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நல்ல கத்தரி அண்ணி” என்று சான்றிதழ் வேறு. பாலஸ்ட்டைத் திருகாணி போட்டு முடுக்காமல் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டினார்கள். இஞ்சின் சூடானதும் ஒன்று கழன்று தொங்கியது தனிக் கதை.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் முதலில் நீலமாக மினுங்கி, பிறகு வெளுத்து, ஒன்று பால் வெள்ளை, இன்னொன்று கத்தரிப்பூ நிறம். சுவர் முழுக்க வெளிச்சம். இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து நின்றதைப் பார்த்தால் சூரியனையே இவர்கள்தான் திருகி மாட்டியது போல இருந்தது. மறுநாளே எதிர்வீட்டுக்காரி என் தையல் கடைக்கு வந்து, உங்க கார் திரும்பும்போதெல்லாம் எங்க படுக்கையறை விடிஞ்சுடுது, தடிமனா ஒரு திரை தைச்சுக் குடுங்க என்றாள். தைத்துக் கொடுத்தேன். ரோட்டில் எதிரே வந்தவர்கள் எல்லாம் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுத் திட்டினார்கள், உன் அப்பா, “பாத்தியா, எல்லாரும் நம்ம லைட்டை எப்படிப் பாக்கறாங்க” என்றார். பெருமையில் காது அடைத்துவிட்டால் வசவுகூட வாழ்த்தாகத்தான் கேட்கும் போலிருக்கிறது.

இனி எழுதப்போவதைப் படித்து நீ பதறாதே, எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஒரு தூறல் நாள், பொழுது இருட்டும் நேரம், ஒரு வீட்டில் திரைகளை மாட்டிக் கொடுத்துவிட்டு அப்பாவோடு காரில் திரும்பிக்கொண்டிருந்தேன். நம் தெரு வளைவில் எதிரே ஒரு ஸ்கூட்டர். மருந்துக்கடைப் பெண்தான், நீ வந்திருந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் மருந்தை எப்படிக் கலக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாளே, அவள். மஞ்சள் மழைக்கோட்டு போட்டு, ஓரமாக, மெதுவாகத்தான் வந்தாள். நம் வெளிச்சம் முகத்தில் அடித்ததும் ஒரு கையால் கண்ணை மறைத்தாள், வண்டி ஆடியது, சாக்கடை வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் போய் விழுந்தாள். நிறுத்துங்க நிறுத்துங்க என்று நான் அலறுகிறேன், உன் அப்பா கொஞ்ச தூரம் ஓட்டிக்கொண்டே போய், “ஏன் கத்தற, என்ன ஆச்சு?” என்று கேட்கிறார். நான் இறங்கி ஓடினேன். மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு. ஒரு வாடகை வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வழியில் அவள் எனக்கு நன்றி சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை, அது எங்க கார்தாம்மா என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஒரு தடவை போய்ப் பார்த்தாரா? இல்லை. சலூனில், டீக்கடையில், பால் வாங்குகிற இடத்தில் எல்லாம், அந்தப் பொண்ணு தப்பான பக்கம் வந்தது, வண்டி ஓட்டத் தெரியாம ரோட்டுக்கு வந்தா இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்தில் விஞ்ஞானி தலையாட்ட. “அவ ஓரமாத்தான் வந்தா, நான் பாத்தேன்” என்று நான் சொன்னால், “உனக்கென்ன தெரியும், ஓட்டினது நானா நீயா?” என்கிறார். இத்தனை வருஷம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன், கோபம் வந்திருக்கிறது, அலுப்பு வந்திருக்கிறது. அருவருப்பு வந்தது அந்த வாரம்தான். ஒரு பெண்ணின் கையை ஒடித்துவிட்டு அவள் பேரையும் ஒடிக்கிற ஆளுக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன்.

உண்மை வெளிவந்ததும் அந்த விளக்காலேயேதான். கழன்று தொங்கிய பாலஸ்ட்டை மறுபடி ஒட்டிவிட்டு, ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் சோதனை ஓட்டம் பார்த்தார்கள். அப்பா ஓட்டுநர் சீட்டில், விஞ்ஞானி வெளியே கதவோரம். நான் தையல் வேலைக்குப் போடுகிற அந்தச் சாம்பல் அங்கியோடு, எதிர்ச்சுவரை ஒட்டி, காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். விளக்குப் போட்டதும் என் மேலேதான் அவ்வளவு வெளிச்சமும். நான் நகரவில்லை, எரிச்சலோடு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “எங்க போனா அவ? கூப்பிடு, வந்து பாக்கட்டும் இந்த வெளிச்சத்தை” என்றார். நான் அவருக்கு நேர் எதிரே நிற்கிறேன். விஞ்ஞானி என்னைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தி, “அண்ணி முன்னாடிதான் நிக்கறாங்க அண்ணா” என்றான். அதில் ஆச்சரியமே இல்லை பார், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு முன்பே தெரியும்.

துணியைக் கீழே போட்டுவிட்டுப் போய்ச் சாவியைப் பிடுங்கினேன். என்ன விஷயம்னு சொல்றியா, இல்ல அந்தக் கத்தரியை எடுத்துட்டு வரட்டுமா என்று கேட்டேன், விஞ்ஞானி எல்லாவற்றையும் கக்கிவிட்டான். இரண்டு கண்ணிலும் புரை. போன வருஷமே கண் டாக்டர் பார்த்து, ஆபரேஷன் செய்துகொள்ளும்வரை பொழுது சாய்ந்தால் வண்டி எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். கூடப் போனவன் இவன்தான். அண்ணன் யாரிடமும் சொல்லாதே என்றாராம், தம்பி சொல்லவில்லையாம். “ஆபரேஷன் பண்ணிக்க மாட்டேன்னு அண்ணன் பிடிவாதமா சொல்லிட்டாரு அண்ணி, அதான் லைட்டையாவது கூட்டிக் குடுப்போமேன்னு பாத்தேன்” என்றான். இப்படி ஒரு மூளையை உன் தாத்தா எந்த வேலைக்காகப் பெற்றாரோ தெரியவில்லை. புரை விழுந்த கண்ணுக்கு வெளிச்சம் கூடக் கூடக் கூச்சம்தான் கூடும், பார்வை கூடாது. இவன் அண்ணனையும் குருடாக்கி, எதிரே வருகிறவர்களையும் குருடாக்கியிருக்கிறான். சரி, உங்களுக்கு என்ன கேடு, என்னிடம் ஏன் மறைத்தீர்கள் என்று உன் அப்பாவைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே, “நீ சாவியை வாங்கி வச்சிருப்ப” என்றார். பிறகு, “கண்ணுல ஊசி போடுவாங்கன்னு சொன்னாங்க” என்றார். மின்சாரம் ஏற்றும் பாலஸ்ட்டில் பயமில்லாமல் கைவிட்ட வீரருக்கு ஊசிக்குப் பயம். அடுத்தவள் கை முறிந்தால் பரவாயில்லை, தன் கண்ணில் மட்டும் சொட்டு மருந்துகூட விழக் கூடாது.

மறுநாள் பகலில் நானே பானெட்டைத் திறந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றி, அந்தத் தகரப் பெட்டிகளைப் பிய்த்து, இரண்டு பல்பையும் உருவிப் போட்டேன். பழைய பல்பைக் கண்ணாடியில் விரல் படாமல் ஒரு துண்டுத் துணியால் பிடித்து உள்ளே வைத்து, கிளிப்பை மாட்டி, புது ரப்பர் மூடி வாங்கிப் போட்டேன். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செய்த வேலை, நான் அடுப்பில் வைத்த அரிசி வேகுமுன் முடிந்தது. அந்தச் செனான் சாமான்களைச் சித்தப்பா வீட்டுக்கே அனுப்பிவிட்டேன், அவன் வேண்டுமானால் தலையில் மாட்டிக்கொள்ளட்டும்.

வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. ஊசியும் இல்லை ஒன்றும் இல்லை, சொட்டு மருந்துதான். டாக்டரம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் எழுந்து நின்று பதில் சொன்னார், அவ்வளவு பவ்யம். கட்டுப் பிரித்ததும் என்னை உற்றுப் பார்த்து, “உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?” என்றார். நீங்க பாக்காதப்ப என்றேன். மனசு கொஞ்சம் இளகியது என்று நீ நினைத்துக்கொள்ளலாம், ஆனால் மருந்துக்கடைப் பெண் விஷயம் பாக்கி இருந்தது. விசாரித்தால், இவர் ஊரெல்லாம் பேசியதை நம்பி அவள் மாமியார் திட்டியிருக்கிறாள், புருஷன் ஸ்கூட்டரை விற்றுவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறான், அவளும் ஒருவேளை நான்தான் தப்பாக வந்தேனோ என்று எண்ணத் தொடங்கிவிட்டாள். உன் அப்பாவைக் காரில் ஏற்றி, நானே ஓட்டிக்கொண்டு போய் அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். என்னையும் உள்ளே வா என்று கூப்பிட்டார். நீங்கதானே சலூன்ல தனியாப் பேசினீங்க, இங்கயும் தனியாப் பேசுங்க என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே போய் வாசலில் மட்டும் நின்றேன். அந்தப் பெண் மாவுக்கட்டுக் கையோடு வந்தாள். “சார், நான் மஞ்சள் கோட்டுதான் போட்டிருந்தேன். உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?” என்று கேட்டாள். திட்டியிருந்தால்கூட அவர் சமாளித்திருப்பார். மாமியாரும் புருஷனும் நிற்கும்போதே, “நீ சரியாத்தாம்மா வந்த. எனக்குத்தான் கண்ணு தெரியல. தெரியலைன்னு தெரிஞ்சேதான் ஓட்டினேன்” என்றார். டீக்கடையிலும் சலூனிலும் இதையே சொல்ல வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன், சொல்லிவிட்டார். சலூன்காரரிடம் நான் விசாரித்துவிட்டேன், உன் அப்பா பேச்சை நம்புகிற நாள் இன்னும் வரவில்லை.

கட்டுப் பிரித்து அந்தப் பெண் இப்போது மறுபடி கடைக்கு ஸ்கூட்டரில்தான் போகிறாள். நேற்று அப்பா வாசலில் நின்றிருந்தபோது நம் வீட்டைத் தாண்டினாள், நீளமாக ஒரு ஹாரன் அடித்தாள். அப்பா கையைத் தூக்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, “மன்னிச்சுட்டாளா, திட்டறாளா?” என்று கேட்டார். எதுவானாலும் நின்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவள் தெருமுனை திரும்புகிறவரை நின்றார்.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன். போனில் உன்னிடம் முனகுவார், ஐயோ பாவம்ப்பா என்று ஆரம்பித்தாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும், சொல்லிவிட்டேன். விஞ்ஞானி உன்னிடம் காருக்குப் பின்னால் மாட்டுகிற காமிரா வாங்கி அனுப்பச் சொல்லப்போகிறான், போனையே எடுக்காதே. நீயும் நாளெல்லாம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறாய், ஒரு நடை போய்க் காட்டிவிட்டு வா, உடம்பில் அப்பாவின் ரத்தம்தானே ஓடுகிறது, மறைக்கத் தோன்றும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தையின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் எதையும் ஒளிக்காமல், நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும். குழந்தைக்கு இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டிவிட்டு எனக்கு உடனே எழுது, பரவாயில்லை என்று மட்டும் எழுதாதே.

இப்போதைக்குக் கார் சாவி வைத்திருக்கும்
உன் அம்மா