தனிப் பையில் கிடந்த ஒயர்

தேவாரம்,
7.3.2009

மருமகனே,

உன் பட்டறை லேத் மோட்டாரை மாமன் எரித்துவிட்டான் என்று கம்பம் முழுக்கச் சொல்லித் திரிகிறாயாமே!

மூன்று பேஸ் கரண்டுக்கு மூன்று சோலார் இன்வெர்ட்டர். மாட்டியது நான்தான். மலைமேல் எஸ்டேட் பங்களாவுக்கே கரண்ட் கொடுத்த கை இது! மூன்றையும் ஒரே தாளத்துக்குக் கொண்டுவருகிற ஒயரை மாட்டாமல் விட்டுவிட்டேனாம். அது தனிப் பையில் கிடந்தது. தேவையான சாமானை எவனாவது தனியாகக் கட்டி அனுப்புவானா?

மோட்டார் புலி மாதிரி உறுமியது. புகை போடி வரைக்கும் தெரிந்ததாம். அதற்காக, வெள்ளிக்கிழமை பட்டறைத் திறப்புக்கு மாமன் வரக் கூடாதென்று உன் ஆத்தாளிடம் சொல்லிவிடுவதா? ஏலே, என் மடியில் உட்கார்ந்துதானே காது குத்திக்கொண்டாய்!

எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக் காயில் கட்டக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குக் காலையில் நானே தூக்கிக்கொண்டு வருவேன். வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பணுமா, உள்ளே வரலாமா, அதை மட்டும் எழுது.

உன் தாய்மாமன்