தண்ணீர் ஊற்றாதீர்கள் மாமி

கட்டுக்கலை, கண்டி.
20-5-1935

மகள் கைரியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் உன் வாப்பாவும் மடவளையில் சுகமாயிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆக் கேட்கிறேன்.

நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்து நீ உன் வாப்பா வீட்டுக்குப் போய் இரண்டு வாரமாகிறது. போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி வரவில்லை. சரி, அதைச் சொல்ல இதை எழுதவில்லை.

என் மகன் அஸீம் வைத்த கற்றாழைக்கு என்னவோ வந்திருக்கிறது. வத்தேகமத் தோட்டத்துத் துரை சீமைக்குப் போனபோது பங்களாச் சாமான் ஏலத்தில் எடுத்து வந்தானே, அதுதான். கதிரை, அலுமாரி எல்லாம் கிடக்க, முள்ளுச் செடியையா வீட்டுக்குள்ளே கொண்டுவருவாய் என்று அன்றைக்கு அவனை ஏசினேன். இப்போது அது உங்கள் அறை ஜன்னலடியில் அதே பீங்கான் சாடியில் நிற்கிறது. அடி மடல்கள் மஞ்சளாகிவிட்டன. தொட்டால் மெத்தென்று இருக்கிறது. காலையில் ஒரு கோப்பை, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஒரு கோப்பை தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். வேறு என்ன செய்வது?

அவன் கையால் வளர்த்ததை விட்டுவிட்டுப் போக உனக்கு எப்படி மனம் வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

பதிலை அறபு எழுத்தில், அறபுத் தமிழில் எழுது. தமிழெழுத்தைக் கூட்டி வாசிப்பதற்குள் கண்ணில் நீர் வழிகிறது.

இப்படிக்கு,
மாமி ஹிதாயா

மடவளை.
24-5-1935

மதிப்புக்குரிய மாமிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் சுகம். எழுதாமல் இருந்தது பிழைதான்.

மாமி, முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கற்றாழை மடல் முழுக்கத் தண்ணீர்தான். அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஊற்றினால் போதும். இப்போது பிடித்திருக்கிற மழைக்கு அதுவும் அதிகம். மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் தட்டுப்பட்டால் ஊற்ற வேண்டாம். நான் ஒரு நாள் செம்போடு போனபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊத்தாத கைரியா. அது உள்ளுக்கே தண்ணி வெச்சிக்கிட்டு இரிக்குது. நாம மறந்தாத்தான் அதுக்கு நல்லம்" என்றார்.

வெளிச்சம் வேண்டும். உச்சி வெயில் நேராக விழக்கூடாது. ஜன்னலில் இருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். மடலில் தூசி படிந்தால் ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் சொல்கிறேன். புறப்பட்ட அன்று அந்தச் சாடியைக் கையில் எடுத்தேன். வாசல் வரை வந்தேன். நீங்கள் உங்கள் அறைக் கதவைத் திறக்கவில்லை. சலாம் சொன்னேன், பதில் வரவில்லை. இதையும் கொண்டுபோனால் அந்த அறையில் உங்களுக்குப் பார்க்க ஒன்றும் இராதே என்று திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
கைரியா

கட்டுக்கலை.
12-6-1935

என் மகளுக்கு சலாம்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கதவைத் திறந்திருந்தால் உன்னைப் போக விட்டிருக்கமாட்டேன் மகள். காலைப் பிடித்தாவது நிறுத்தியிருப்பேன். அது நியாயமில்லை என்று தெரிந்துதான் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் சலாம் கேட்டது. பதில் சொன்னால் கதவையும் திறந்துவிடுவேன் என்று பயந்தேன்.

செடி மோசமாகிவிட்டது. ஒரு பக்கம் சாய்ந்து, கிட்டப் போனால் நாற்றம் வருகிறது. நீ சொன்னபடி நான் செய்யவில்லை. நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் தொழுகைக்கு வுழூச் செய்த கையோடு போய் ஊற்றிவிட்டேன். பிறகு பழையபடி தினமும்.

ஏன் என்று உனக்குச் சொல்கிறேன், வேறு யாருக்கும் சொன்னதில்லை. கேகாலைக்குத் துணி விற்கப் போன இடத்தில் அந்த மலேரியாக் காய்ச்சல் அவனைப் பிடித்ததும், நாம் போய்ச் சேருவதற்குள் முடிந்துபோனதும் உனக்குத் தெரியும். அவன் தங்கியிருந்த வீட்டுக்காரர் ஜனாஸாவைச் சுமந்துகொண்டு வந்தபோது என்னிடம் தனியாகச் சொன்னார்: "கடைசி நேரம் தண்ணி தண்ணின்டு கேட்டுக்கிட்டே இருந்தார் உம்மா. நாங்க குடுத்துக்கிட்டுத்தான் இருந்தோம்." குடுத்தார்கள். அவர்களை அல்லாஹ் நன்றாக வைப்பான். ஆனால் நான் குடுக்கவில்லையே. அவனுடைய ஒரு பொருள் காய்ந்த மண்ணில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

இப்போது அதையும் கொன்றுவிட்டேன் போலிருக்கிறது.

மாமி

மடவளை.
15-6-1935

அன்புள்ள மாமி,

நீங்கள் ஒன்றையும் கொல்லவில்லை. அவர் தண்ணீர் கேட்டது எனக்கும் தெரியும். அதே மனிதர் வாப்பாவிடமும் சொல்லியிருக்கிறார். உங்களுக்குத் தெரியக்கூடாதென்று நான் மறைத்தேன், எனக்குத் தெரியக்கூடாதென்று நீங்கள் மறைத்தீர்கள். இத்தா முழுக்க ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியே இதைச் சுமந்திருக்கிறோம்.

செடியைக் காப்பாற்றலாம். செடி நிற்கிற உள் மண்சட்டிக்கு அடியில் துளை இருக்கிறது. அதைத் தாங்குகிற பீங்கான் சாடிக்கு இல்லை. நீங்கள் ஊற்றியதெல்லாம் அடியில் தேங்கி வேரை அழுக வைத்திருக்கும். செடியை வெளியே எடுத்து மண்ணை உதறி, கறுத்து மெத்தென்று இருக்கிற வேரையும் மடலையும் கத்தியால் வெட்டி எறிய வேண்டும். பிறகு வெட்டிய இடம் காயும்வரை மூன்று நாள் நிழலில் காகிதத்தின் மேல் சும்மா கிடத்த வேண்டும். அதற்குப் பிறகு செம்மண்ணும் ஆற்று மணலும் பாதிக்குப் பாதி கலந்து, அடியில் உடைத்த செங்கல் போட்டு நட்டால் பிடித்துக்கொள்ளும். நட்டும் ஒரு வாரம் தண்ணீர் கிடையாது.

அது வெறும் காகிதத்தில் கிடக்க நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கமாட்டீர்கள். வெள்ளிக்கிழமை வாப்பா சாமான் எடுக்கக் கண்டிக்கு வருகிறார். கூடவே வருகிறேன். மூன்று நாளும் உங்களோடு இருப்பேன். கதவைத் திறப்பீர்களா?

உங்கள்
கைரியா

கட்டுக்கலை.
30-8-1935

என் தங்க மகளுக்கு,

பெரஹரா ஊர்வலக் கூட்டமெல்லாம் கலைந்து ஊர் ஓய்ந்துவிட்டது. கற்றாழை நிமிர்ந்து நிற்கிறது. அடியில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குட்டி முளைத்திருக்கிறது. அதைப் பிரித்து நடலாமா, தாயோடு விடலாமா? நீ வந்து போனதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு கோப்பைதான். நடுவில் கை துறுதுறுத்தால் அந்தத் தண்ணீரை நானே குடித்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு றமீஸா, இரண்டு பெண்கள் ஒரு செடிக்கு மூன்று நாள் காவல் இருந்த கதையை இன்னும் தெருவெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். வத்தேகமயிலிருந்து உனக்கு மாப்பிள்ளை பேசி வந்தார்களாமே. நீ எழுதவில்லை.

மாமி

மடவளை.
6-9-1935

அன்புள்ள மாமி,

குட்டி நான்கு விரல் உயரம் வரும்வரை தாயோடே இருக்கட்டும். அவசரமில்லை.

றமீஸா ராத்தா சொன்னது உண்மை. ஜவாஹிர் என்று ஒருவர். வத்தேகமச் சந்தைக்கு எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கிறார். முதல் மனைவி பிரசவத்தில் மௌத்தாகிவிட்டார், பிள்ளையும் தங்கவில்லை. வாப்பா நல்ல மனிதர் என்கிறார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டதால்தான் உங்களுக்கு எழுதவில்லை.

மாமி, நான் கட்டுக்கலைக்கே வந்துவிடுகிறேனே. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். எனக்கும் இங்கே இருப்புக் கொள்ளவில்லை. தைப்பேன், சமைப்பேன், உங்களுக்குக் குர்ஆன் ஓதிக் காட்டுவேன். நீங்கள் "வா" என்று ஒரு சொல் எழுதினால் போதும், வாப்பா மறுக்கமாட்டார்.

உங்கள்
கைரியா

மடவளை.
11-10-1935

மாமி,

ஒரு மாதமாகியும் பதில் இல்லை. சுகமில்லையா? நான் ஏதும் பிழையாக எழுதிவிட்டேனா? மறுபடி கதவைப் பூட்டிக்கொள்ளாதீர்கள்.

கைரியா

கட்டுக்கலை.
9-11-1935

அன்பு மகள் கைரியாவுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். கதவையும் பூட்டவில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் நாளைக் கடத்தினேன்.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டேன். "வா" என்று எழுத உட்கார்ந்தேன். நான் போய்ச் சேர்ந்த பிறகு நீ இந்த வீட்டில் யாரோடு இருப்பாய் என்ற நினைப்பு வந்தது. பேனையை வைத்துவிட்டேன். மறுநாளும் எடுத்தேன், மறுநாளும் வைத்தேன்.

போன வியாழக்கிழமை அந்த ஜவாஹிர் இங்கே வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்று சலாம் சொன்னார். உள்ளே விட எனக்கு இஷ்டமில்லை. மழையில் நனைந்திருந்தார், அதனால் விட்டேன். தேத்தண்ணி கொடுத்தேன்.

"எதுக்கு வந்தீங்க? நான் போய்ப் புள்ளைய சம்மதிக்க வைக்கணுமா?" என்று கேட்டேன்.

"இல்ல உம்மா. மாமிய விட்டுட்டு வரமாட்டன்னு அவங்க சொன்னாங்களாம். அப்படிச் சொல்ல வெச்ச மாமிய ஒரு தரம் பாத்துட்டுப் போவம்னு வந்தேன்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு. வேணாம்னா வேணாம்தான். அவங்கள நெருக்க வேணாம்னு அவங்க வாப்பாக்கிட்டயும் சொல்லிட்டேன்."

எனக்கு அவரை ஏசவும் முடியவில்லை. "அவ இன்னும் என் மகன நினைச்சு அழுவா. அதுக்கு என்ன செய்வீங்க?" என்றேன்.

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "அழட்டும் உம்மா. நானும் சில நாள் அழுறவன்தான். ஆளுக்கொரு மூலையில இருந்து அழாம, ஒரு இடத்துல இருந்து அழலாம்" என்றார்.

போகும்போது, திறந்திருந்த உங்கள் அறை ஜன்னலடியில் கற்றாழையைப் பார்த்தார். "மண் காஞ்சு கிடக்குதே, கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா?" என்று செம்பை எடுத்தார். "வைங்க அத! அதுக்கு வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் நடுங்கிப்போனார். பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அஸீம் போன பிறகு இந்த வீட்டில் ஓர் ஆண்குரல் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆகவே மகள், "வா" என்று நான் எழுதமாட்டேன். நீ அவரைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்றும் எழுதமாட்டேன். எனக்காக மட்டும் அவரை வேண்டாம் என்று சொல்லாதே. என் மகன் அப்படி விரும்பமாட்டான். அவனை வளர்த்தவள் சொல்கிறேன்.

புது வீட்டுக்கு எதைக் கேட்டாலும் தருவேன், என் காப்பு உட்பட. கற்றாழையைக் கேட்காதே. குட்டியைக்கூடத் தரமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ சம்மதித்து நிக்காஹ் நடந்தால், முந்தின மாப்பிள்ளையின் உம்மா வரலாமா? வந்தால் எந்தப் பக்கத்தில் உட்காருவது? முறையில்லை என்று யாராவது முகம் சுளிப்பார்கள் என்றால் வீட்டிலிருந்தே துஆச் செய்வேன். எனக்கு மனத்தாங்கல் இல்லை.

துஆவுடன்,
மாமி ஹிதாயா

மடவளை.
4-1-1936

அன்புள்ள மாமிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. அவர் போய் ஒரு வருஷம் நிறைந்ததற்கு இங்கேயும் குர்ஆன் கத்தம் ஓதினோம்.

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நோன்பு வரும்வரை கோபமாக இருந்தேன். பிறகு நோன்பு முழுக்க யோசித்தேன். பெருநாளன்று வாப்பாவிடம் சரி என்று சொன்னேன். ஆளுக்கொரு மூலையில் என்று ஜவாஹிர் சொன்னாரே, அந்தச் சொல் என்னை விடவில்லை. அவருக்கு வாப்பா மூலம் ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினேன்: மாதத்தில் ஒரு வெள்ளி நான் கட்டுக்கலையில் தங்குவேன் என்று. "நானும் வரலாமா, இல்ல சத்தம் போடுவாங்களா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்.

நிக்காஹ் இம்மாதம் இருபத்திரண்டாம் தேதி.

எந்தப் பக்கம் உட்காருவதென்று கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு அன்றைக்கு உட்கார நேரமிருக்காது மாமி. எனக்கு உம்மா இல்லை. முதல் நிக்காஹுக்கு உம்மாவின் தங்கை சாச்சி அவசர அவசரமாகச் சேலை உடுத்திவிட்டதில் முக்காடு நழுவி நழுவி விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். இந்தத் தரம் நீங்கள்தான் உடுத்திவிட வேண்டும். மூன்று நாள் முன்பாகவே வந்துவிடுங்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு நானே வருகிறேன்.

இந்த ஊரில் யாராவது நீங்கள் யாரென்று கேட்டால் தடுமாற வேண்டாம். மணப்பெண்ணின் உம்மா என்று சொல்லுங்கள். இங்கே எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் மகள்,
கைரியா