ஆயுத பூசைக்குக் கழுவிய சரக்குப் பெட்டிகள்

என் பிரியமான அண்ணே,

உன் எட்டுச் சரக்குப் பெட்டிகளும் இப்போது கே.கே. நகரில் என் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. ஒரு சாண்கூட இல்லாத பொம்மை ரயில் பெட்டிகள். நீ கண்ணை மூடிய பிறகு மதினி அவற்றை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து, "எனக்குப் பாக்கப் பாக்க அழுகதான் வருது கலா, நீ வச்சுக்க" என்று தந்தார்கள். இப்போது எட்டும் பளபளவென்று மின்னுகின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புதுப் பெட்டி தபாலில் வந்ததும் நீ முதலில் அதன் மினுமினுப்பைத்தான் கெடுப்பாய். வாசல் கேட்டின் துருவைச் சுரண்டிச் சலிப்பாய். சாக்பீஸையும் கரியையும் பொடித்து, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு வைப்பாய். கப்பலூரில் நீ வேலை பார்த்த கிரானைட் பட்டறையின் சில்லுகள் இரண்டு பெட்டிகளுக்குப் பாரம். நிலக்கரிப் பெட்டிக்கு மட்டும் விளிம்பில் கறுப்பு கூடுதல். ஏற்றும்போது சிந்துமாம்.

ஒருநாள் உன் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கல்லூரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஏண்ணே, காசு குடுத்து வாங்கி இம்புட்டு அழுக்காக்குறியே, லூசா நீ?"

"அழுக்கில்ல தாயி. எம்புட்டு மழை வெயில்ல ஓடுன வண்டி! கதவுக் கீலுக்குக் கீழ பாரு, மழத்தண்ணி எறங்குன வழியிலதான் துரு எறங்கும். மேல வார்னிஷ் அடிச்சா நிக்கும், ஆனா பளபளன்னு பொய்யாப் போயிரும். அதான் பொடிய அப்படியே விட்டுட்டேன். ஈரக் கை பட்டாக்கூடப் போயிரும்."

அரை மணி நேரம் பேசினாய். நான் "ம்" கொட்டினேன். நிமிரவில்லை. இருபது வருடமாக வகுப்பில் "கவனி, கவனி" என்று சொல்கிற வாய் எனக்கு.

இந்த ஆயுத பூசைக்கு ஸ்கூட்டர், மிக்சி, தையல் மெஷின் எல்லாவற்றையும் துடைத்தேன். அண்ணனுடையதும் இருக்கட்டுமே என்று பெட்டிகளை எடுத்து, பாரத்தைக் கொட்டி, சோப்புத் தண்ணீரில் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். தண்ணீர் முதலில் செம்மண் நிறமாயிற்று, பிறகு கறுத்தது. இம்புட்டு அழுக்கா என்று திருப்தியாகக்கூட இருந்தது. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக நிறுத்தினேன்.

சாயங்காலம் மதினி வந்தார்கள். சுண்டல் கிண்ணத்தைக் கையில் வாங்கியவர்கள் அலமாரி முன்னால் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"அந்தத் தண்ணிய எங்க ஊத்துன?"

"சிங்க்ல, மதினி."

"சரி, விடு" என்றார்கள். உட்கார்ந்து சுண்டலை ஒன்று விடாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். திட்டியிருக்கலாம் இல்லையா அண்ணே?

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏண்டி, படிச்சவதான நீ? அவென் வருசக்கணக்கா ஒக்காந்து செஞ்சத ஒரே நாள்ல கழுவிட்டியாமே?" நான் வாய் திறப்பதற்குள் மதினி குறுக்கே வந்தார்கள். "விடுங்க அத்தே, பாவம். அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? தெரியாமத்தான செஞ்சா."

நான் இலையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கழுவியதைவிட அந்த மௌனம்தான் என்னைத் தின்கிறது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் மெதுவாகப் போயிற்று. ஒவ்வொரு கதவுக் கீலுக்குக் கீழும், தண்ணீர் இறங்கிய வழியிலேயே துரு இறங்கியிருந்தது. நீ சொன்னதெல்லாம் ஒரு சொல் விடாமல் ஞாபகம் வந்தது. ஈரக் கை பட்டால் போய்விடும் என்று சொன்னதுகூட. அப்படியானால் அன்றைக்கு எல்லாம் என் காதில் விழுந்துதான் இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று இனி யாரிடம் சொல்ல?

துருவைச் சுரண்டி நானே பூசிப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன். மாட்டேன் அண்ணே. அது உன் கைவேலை. என் பொய்யை அதன்மேல் பூச மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காளவாசலுக்கு, மதினி வீட்டுக்குப் போகிறேன். "அண்ணன் எனக்குச் சொல்லுச்சு மதினி. நான்தான் நிமிந்து பாக்கல" என்று சொல்வேன். சாப்பிட உட்காரும் முன்பே சொல்லிவிடுவேன். இது உனக்குத் தரும் வாக்கு.

இப்போதுதான் நிமிர்ந்து பார்க்கும்
உன் தங்கச்சி,
கலா