ஹிராவுக்கும் ஸஃபாவுக்கும் நடுவில்

ஆகஸ்ட் 27, புதன்
எங்கள் ஊர் மூத்தவர் சதக்கத்துல்லா காக்கா போன் செய்தார். இங்கே ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் எங்கள் காயல்பட்டினக் குடும்பங்கள் நபி பிறந்தநாளுக்குக் கூடும் மீலாது கூட்டத்தில், நபிகள் நாயகத்தின் (ஸல்) இளமையும் ஆரம்பப் பிரச்சாரமும் பற்றி நான் பேச வேண்டுமாம். "வேலைல பிஸியா இருப்பீங்க, இருந்தாலும்..." என்றார். பிஸிதான். புரொபேஷன் என்கிற சோதனைக் காலம் முடியும் முன்பே போன வாரம் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மனைவி ஹாஜராவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் கட்டித் தரும் சோற்றோடு கிளம்பி, நூலகத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
தலைப்பு வைத்தாயிற்று: 'அல்அமீன்'. நம்பிக்கைக்குரியவர் என்று பொருள்; இளைஞராக இருந்த நாயகத்தை மக்காவே அப்படித்தான் அழைத்தது. பேசப் போகிறவன் யார்? "ஆபீஸ்ல இன்னைக்கு ஒரே மீட்டிங்" என்று வீட்டுக்குள் நுழைகிறவன். வெட்கங்கெட்ட பயல்.

செப்டம்பர் 1, திங்கள்
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். குழம்பில் உப்புக் குறைவு என்றேன்.

செப்டம்பர் 4, வியாழன்
ஹாஜரா முன் ஒத்திகை. ஹிரா குகை, வானவர் ஜிப்ரீல் வந்து சொன்ன "ஓதுவீராக" — என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அடுத்த வரியிலேயே நாயகம் ஸஃபா குன்றில் நின்று ஊரை அழைக்கிறார்கள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"குகையில இருந்து நேரா குன்றுக்கா போனாங்க? நடுங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்கல்ல. பொஞ்சாதி கதீஜா நாயகிக்கிட்டதானே முதல்ல சொன்னாங்க. மதரஸா புள்ளைங்களுக்கே தெரியுமே."

நேரம் போதாது என்று விட்டுவிட்டேன் என்றேன். அதுவும் பொய். அந்த இடத்தை என்னால் எழுதவே முடியவில்லை. எப்படி முடியும்?

செப்டம்பர் 6, சனி
சொல்லிவிட்டேன்.

"அல்லாஹ் உங்களை ஒருபோதும் கைவிட மாட்டான்" என்றார்கள் கதீஜா நாயகி. எனக்கும் அப்படி ஏதாவது கிடைக்கும் என்று இருந்தேன் போல — ஆசையைப் பார். ஹாஜரா கேட்டது, "அப்ப என் சோத்த எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

நூலக வாசல் பெஞ்சில் என்றேன். அழுதாள். வேலை போனதற்காக இல்லையாம். "என்னை வெளியாளா வச்சிட்டீங்களே."

எனக்குப் பயமா இருந்துச்சு ஹாஜரா. விசா போயிடும், ஊருக்கு அனுப்பிடுவாங்க, உன் வாப்பா முகத்துல எப்படி முழிப்பேன்னு பயமா இருந்துச்சு. அதைக்கூட அவளிடம் சொல்லாமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், மடையன்.

செப்டம்பர் 7, ஞாயிறு
பேசினேன். கதீஜா நாயகி வந்த இடத்தில் அவர்கள் சொன்ன வரியை இரண்டு முறை சொல்லிவிட்டேன். உருக்கமான பேச்சு என்று காக்கா மெச்சினார். ஹாஜரா இருந்த பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்
வேலைவாய்ப்பு அலுவலகத்தில் டெர்மின், வரச் சொல்லி நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். "உங்க அரைகுறை ஜெர்மன் பேச்சை வச்சுக்கிட்டு தனியா போகாதீங்க" என்று ஹாஜராவும் கிளம்பிவிட்டாள். டிராமில் என்னைவிட்டு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்கு முன்னால் அவள்தான் எழுந்தாள்.